புதருக்குள் ஒன்பது சாட்சிகள்

குங்கிலிய மரத்துப் பொந்துக்குள் பொன்மூக்கி என்ற பெண் இருவாச்சிப் பறவை அடைந்து கிடந்தது. யாரும் பிடித்து அடைக்கவில்லை. தன்னைத்தானே அடைத்துக்கொண்டது! முட்டையிடும் காலம் வந்தால் இருவாச்சிப் பெண்கள் செய்கிற வேலை அது. பொந்துக்குள் புகுந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, வாசலை உள்ளிருந்தே பூசிவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். பிறகு சிறகு இறகுகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, உரித்த கோழி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். குஞ்சு தேறும்வரை வெளியே வராது. வந்தாலும் பறக்க முடியாது.

சாப்பாடு கொண்டுவருவது புருஷன் பொறுப்பு. பொன்மூக்கியின் புருஷன் பெயர் பெருஞ்சிறகன். நல்ல உழைப்பாளி. தொண்டைப் பையில் பழங்களை அடைத்துக்கொண்டு வந்து, கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டிவிடும். வாய்தான் கொஞ்சம் நீளம். மூளை அவ்வளவு நீளம் இல்லை.

ஒருநாள் காலையில் பெருஞ்சிறகன் வெறும் தொண்டையோடு வந்து சேர்ந்தது.

"பொன்னு! மோசம் போயிட்டோம்! மரநாய் நம்ம மேல வழக்குப் போட்டுட்டான்!"

"என்ன வழக்கு?"

"இந்தப் பொந்து அவனோடதாம்! வருஷக்கணக்கா குடியிருந்தானாம். பழம் தின்ன மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தப்போ, நாம புகுந்து பூசிட்டோமாம்!"

"அடப்பாவி! நாலு வருஷமா இங்கதானே குஞ்சு பொரிக்கிறோம்?"

"அதையே நானும் சொன்னேன். 'சபையில வந்து சொல்லு'ன்னுட்டான்!"

பொன்மூக்கி குனிந்து பார்த்தது. அதன் மார்புக்கு அடியில், நேற்றுத்தான் முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சு ஒன்று சுருண்டு கிடந்தது. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. மரநாய்க்குப் பொந்தா வேண்டும்? பொந்துக்குள் இருப்பதல்லவா வேண்டும்! சுவர் மட்டும் உடைந்தால் தாயும் பிள்ளையும் அன்றைக்கே அதன் வயிற்றுக்குள்.

மரநாய் ஏன் திருட்டுத்தனமாகச் சுவரை உடைக்கவில்லை என்று கேட்கிறீர்களா? அந்தக் காட்டில் தீர்ப்பு இல்லாமல் அடுத்தவர் வீட்டில் கை வைத்தால், ஓடையில் தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். கோடை நெருங்குகிறது. அதனால்தான் மரநாய் சட்டப்படி திருட வந்தது.

"சாட்சிக்கு யாரையாவது கூப்பிட்டீங்களா?" என்று கேட்டது பொன்மூக்கி.

"எதுக்கு? காட்டுல எல்லாருக்கும் நம்மளத் தெரியுமே!"

"தெரிஞ்சவங்க யாரும் தானா வந்து நிக்கமாட்டாங்க! ஓடுங்க! யாரையாவது கூட்டிட்டு வாங்க!"

பெருஞ்சிறகன் காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தது. அது திரும்புவதற்குள் சபை கூடிவிட்டது.

அந்தக் காட்டில், எந்தப் பொருளுக்கு வழக்கோ அந்தப் பொருளின் அடியில்தான் சபை கூடும். நடுவர் ஒரு காட்டெருமை. ஒன்றுக்கும் அவசரப்படாது. வாயில் போட்ட புல்லை அசைபோட்டு முடிக்காமல் பேச்சைத் தொடங்காது. அதன் பக்கத்தில் கரடி உட்கார்ந்திருந்தது. தீர்ப்பை நிறைவேற்றுவது கரடியின் வேலை. தேனடை உடைத்துப் பழகிய நகத்துக்கு மண்சுவர் எம்மாத்திரம்? கீறல் வழியாகப் பொன்மூக்கி பார்த்தபோது, அந்த நகங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன.

காட்டெருமை விழுங்கி முடித்துத் தொண்டையைச் செருமியது.

"சட்டம் எல்லாருக்கும் தெரியும். பொந்துல யாரு முந்திக் குடியிருந்தாங்களோ, அவங்களுக்கே பொந்து. யாரு பக்கம் சாட்சி அதிகமோ, அவங்க சொல்றது உண்மை. சாட்சிகள் புதருக்குள்ள இருந்தே பேசலாம். முகம் காட்ட வேண்டாம்."

புதருக்குள் இருந்து பேசுகிற வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் சிறுத்தைக்கு எதிராக ஒரு முயல் நேரில் வந்து சாட்சி சொன்னது. அன்று மாலையே முயலைக் காணோம்! அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. ஒரு குரல் கேட்டால், நடுவர் குளம்பால் மண்ணில் ஒரு கோடு போடும். கோடு அதிகம் உள்ளவர் ஜெயிப்பார். நல்ல மனசோடு போட்ட விதிதான். ஆனால் எலி நுழைகிற அளவுக்கு ஓட்டை உள்ள விதி. மரநாய் எலி பிடித்துப் பழகியதாயிற்றே, ஓட்டையைப் பார்த்துவிட்டது.

மரநாய் முன்னால் வந்து நின்றது. பகலில் தூங்குகிற பிராணி. அப்படியும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு குரலில் தேனைத் தடவியது.

"ஐயா! நான் ஏழை. எனக்கு இருக்கிறதே இந்த ஒரு பொந்துதான். என் சாட்சிகளைக் கேளுங்க!"

புதருக்குள்ளிருந்து ஒரு கடமானின் குரல் கேட்டது. "இது மரநாய் வீடுதான்!"

காட்டெருமை ஒரு கோடு போட்டது.

அடுத்து முயலின் மெல்லிய குரல். "ஆமாங்க, மரநாய் வீடுதான்!" இன்னொரு கோடு. பிறகு மயில், மந்தி, சருகுமான், காட்டுக்கோழி, கீரி, அணில், கடைசியாக ஒரு காட்டுப்பன்றியின் உறுமல். எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். மண்ணில் ஒன்பது கோடுகள் வரிசையாக நின்றன.

"ஒன்பது!" என்று சபை வாயைப் பிளந்தது.

பொன்மூக்கி பொருமியது. கடமானுக்கும் முயலுக்கும் அது என்ன கெடுதல் செய்தது? போன வருஷம் இந்தக் கீறல் வழியாகச் சிந்திய அத்திப்பழத்தையெல்லாம் பொறுக்கித் தின்றவை அல்லவா? நன்றி கெட்டவை என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தது.

அதற்குள் பெருஞ்சிறகன் மூச்சிரைக்க வந்து இறங்கியது. கூடவே ஒரே ஒரு மலையணில். அதுவும் புதருக்குள் ஓடிப் போய்க் குரல் கொடுத்தது. "இது இருவாச்சி வீடுங்க!" காட்டெருமை இந்தப் பக்கம் ஒரு கோடு போட்டது. ஒன்பதுக்கு எதிரே ஒன்று.

"அநியாயம்! அக்கிரமம்! கேட்பார் இல்லையா!" என்று பெருஞ்சிறகன் இறக்கையை அடித்துக்கொண்டு கத்தியது.

"கத்தினா கோடு விழாது," என்றது காட்டெருமை. "கரடி, எழுந்திரு."

கரடி எழுந்து மரத்தில் கை வைத்தது. நகம் பட்டைமேல் ஏறுகிற சத்தம் பொந்துக்குள் கேட்டது. குஞ்சு நடுங்கியது. பொன்மூக்கியும் நடுங்கியது. ஆனால் நடுங்கிக்கொண்டே யோசித்தது.

பல நாளாக இருட்டுக்குள் இருக்கிறவளுக்குக் காதுதான் கண். புருஷன் வருகிறதா, பாம்பு வருகிறதா, எல்லாம் சத்தத்தில்தான். அந்தக் காது இப்போது கேட்டதையெல்லாம் திரும்ப எண்ணிப் பார்த்தது. கடமான் குரல் புதரின் மேல்கிளையில் இருந்து வந்தது. முயல் குரலும் அதே மேல்கிளையில் இருந்து. காட்டுப்பன்றி உறுமியதும் அங்கேதான்! காட்டுப்பன்றி எப்போது மரம் ஏறியது? அது மட்டுமா? ஒரு குரல் பேசும்போது இன்னொரு குரல் இருமக்கூட இல்லை. மந்தி இருக்கிற இடத்தில் அவ்வளவு ஒழுக்கமா? நம்புகிற மாதிரியா இருக்கிறது?

பொன்மூக்கி அலகைக் கீறல் வழியாக நீட்டியது.

"நிறுத்துங்க! எனக்கு ஒரு கேள்வி இருக்கு!"

மரநாய் துள்ளிக் குதித்தது. "முகம் காட்டாதவ சபையில பேசக் கூடாது!"

"உன் சாட்சி ஒன்பது பேரும் முகத்தைக் காட்டிட்டா பேசினாங்க? அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காட்டெருமை அசைபோட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். கரடி ஒரு காலைத் தூக்கியபடியே காத்திருந்தது.

"கேள்வி சரிதான்," என்றது காட்டெருமை. "பேசும்மா."

"ஐயா! சாட்சிகள் முகம் காட்ட வேண்டாம். வெளியவும் வர வேண்டாம். அவங்க பயம் அவங்களுக்கு. ஒன்பது பேரும் ஒரே நேரத்துல ஒரு சத்தம் கொடுக்கட்டும். அது போதும்!"

மரநாயின் வால் விறைத்துப் போனது. "எதுக்கு? அதான் எல்லாரும் சொல்லிட்டாங்களே! தொண்டை வலிக்காதா பாவம்?"

"ஒரு சத்தத்துக்கா வலிக்கும்?" என்றது காட்டெருமை. "ம், ஆகட்டும். எல்லாரும் சேர்ந்து கூப்பிடுங்க!"

புதர் அமைதியாக இருந்தது.

"கூப்பிடுங்க!"

புதருக்குள் ஒரு கடமான் 'ட்யாங்' என்று கத்தியது. அது முடிவதற்குள் பாதி முயல். முயலின் வாலில் மயில். மயிலின் கழுத்தில் மந்தி. பிறகு எல்லாம் வேகம் பிடித்தது. மயில் உறுமியது! பன்றி கூவியது! கீரி பாதியில் காட்டுக்கோழியாகிவிட்டது! கடைசியில் ஒரு பெரிய விக்கல் கேட்டது. புதரின் மேல்கிளை ஆடியது. வாலில் துடுப்பு மாதிரி இரண்டு இறகு தொங்கும் கரிச்சான் குருவி ஒன்று மூச்சு முட்டிப்போய்த் தொபுக்கடீரென்று சபை நடுவில் விழுந்தது.

சபை எட்டிப் பார்த்தது. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! புதருக்குள் பேசியது தன் இனத்தில் வேறு யாரோ என்று நினைத்திருந்த நிஜக் கடமான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "என் குரல் இவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்று நிஜ மந்திக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தக் கரிச்சான் எந்தப் பிராணி மாதிரியும் கத்தும். அதை எல்லோரும் ரசித்திருக்கிறார்கள். சாட்சி சொல்லவும் அது பயன்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஐயா, மன்னிச்சிடுங்க!" என்று கரிச்சான் அழுதது. "பொந்துல இருக்கிற வண்டெல்லாம் உனக்குத்தான்னு மரநாய் சொன்னான்! ஆசைப்பட்டுட்டேன்!"

காட்டெருமை குளம்பால் ஒரே இழுப்பு இழுத்தது. ஒன்பது கோடும் அழிந்தன.

பொன்மூக்கிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. நன்றி கெட்டவை என்று திட்டியதற்கு நிஜ முயலிடமும் கடமானிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

"ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்!" என்று பெருஞ்சிறகன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தது.

"இல்ல," என்றது காட்டெருமை.

"என்ன இல்ல? அவன் சொன்னது பொய்னு ஆயிடுச்சே!"

"அவன் சொன்னது பொய்ங்கிறதால, நீ சொல்றது உண்மை ஆயிடாது. அவனைச் சோதிச்சாச்சு. இப்போ உன்னையும் சோதிக்கணும்." காட்டெருமை புதர்ப் பக்கம் திரும்பியது. "மலையணிலே! இருவாச்சி இங்க குடியிருந்ததை நீயே கண்ணால பார்த்தியா? இல்ல, யாராவது சொல்லக் கேட்டியா?"

மலையணில் உண்மை பேசுகிற பிராணி. அதுதான் வினையாகப் போயிற்று.

"கேட்டதுதாங்க. வர்ற வழியில பெருஞ்சிறகன் சொன்னான். நான் இந்தப் பக்கம் வர்றதே இதுதான் முதல் தடவை!"

பொன்மூக்கிக்குத் தலையை மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்படி ஒரு சாட்சியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறானே மகராசன்! காட்டெருமை மலையணிலின் கோட்டையும் அழித்தது. இப்போது மண்ணில் ஒன்றுமே இல்லை.

மரநாய்க்கு உயிர் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா! அவளுக்கும் சாட்சி இல்ல! அவ இந்த வருஷம்தான் வந்தா. ஒரே ஒரு சுவர் பூசிட்டா வீடு சொந்தமாயிடுமா? அதுக்கு முன்னாடி இங்க இருந்தவன் நான்! இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா?"

உண்மையிலேயே யாரும் இல்லை. அந்த மரத்தடிக்கு அதிகம் பேர் வருவதில்லை. வருகிறவர்களும் கீழே பழத்தைப் பார்ப்பார்களே தவிர, மேலே யார் குடியிருக்கிறார்கள் என்றா பார்ப்பார்கள்? கரடி சந்தேகத்தோடு ஒரு கையை மரத்தில் வைத்தது, பிறகு எடுத்தது.

பொன்மூக்கி கீறலில் கண்ணை வைத்துக் கீழே பார்த்தது. நாலு வருஷம் அதே கீறல் வழியாகப் பார்த்த தரைதான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன தரை. திடீரென்று அதற்கு ஒன்று தோன்றியது.

"ஐயா! பேசுற சாட்சி வேண்டாம்! நீங்க எதுமேல நிக்கிறீங்கன்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!"

காட்டெருமை குனிந்தது. சபையே குனிந்தது. அதன் காலுக்கடியில் இளஞ்செடிகள் முளைத்திருந்தன.

"நான் தின்னுட்டுத் துப்பின கொட்டைதான் எல்லாம்! காட்டு ஜாதிக்காய்! என் கீறலுக்கு நேர் கீழதானே முளைச்சிருக்கு? வேற எங்கேயாவது இருக்கா? இப்போதான் ரெண்டு இலை விட்டது இந்த வருஷத்துது. உங்க முழங்கால் உயரம் நிக்கிறது போன வருஷத்துது. கரடி அண்ணன் சாய்ஞ்சுட்டு நிக்கிறாரே, அது அதுக்கும் முந்தி! இந்த வருஷம் வந்தவ எச்சில், எப்படி அத்தனை உயரம் வளரும்?"

கரடி திடுக்கிட்டுச் செடியை விட்டு விலகி நின்றது. சபையில் சலசலப்பு எழுந்தது.

மரநாய் லேசுப்பட்டதா? உடனே நெஞ்சைத் தட்டிக்கொண்டது. "அது நான் போட்ட கொட்டை! நானும் பழம் தின்கிறவன்தானே? நான் எச்சம் போட்ட இடத்துல செடி முளைக்கும்னு இந்தக் காட்டுக்கே தெரியும்! இதோ, என் வீடுங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அதுவும் உண்மைதான். மரநாய் எச்சத்தில் செடி முளைப்பது எல்லோருக்கும் தெரியும். சபை மறுபடியும் குழம்பியது. பெருஞ்சிறகன் வாயைத் திறந்தது. "நீங்க சும்மா இருங்க!" என்று உள்ளிருந்து அதட்டல் வந்ததும் மூடிக்கொண்டது.

"ஐயா, ரெண்டு பேருக்கும் ஒரே சோதனை வைங்க," என்றது பொன்மூக்கி. "இந்தக் கொட்டையை முழுசா விழுங்கினவங்கதான் இங்க போட்டிருக்க முடியும். விழுங்கிக் காட்டச் சொல்லுங்க!"

காட்டெருமை இந்தத் தடவை அசைபோடவே இல்லை. "கொண்டா கொட்டையை!"

கீழே கிடந்த கொட்டைகளில் இரண்டைக் கரடி பொறுக்கி வைத்தது. ஒவ்வொன்றும் கோழிமுட்டையில் பாதி இருந்தது. பெருஞ்சிறகன் ஒன்றை அலகில் எடுத்து மேலே சுண்டியது. வாயைப் பிளந்தது. கொட்டை உள்ளே போய்விட்டது. கழுத்தை ஒரு ஆட்டு ஆட்டியது. கொட்டை அப்படியே வெளியே வந்து விழுந்தது. கீறல்கூட இல்லை!

"சபாஷ்!" என்றது கரடி.

"இப்போ நீ!" என்றது காட்டெருமை.

மரநாய் கொட்டையைப் பார்த்தது. சபையைப் பார்த்தது. ஓடலாமா என்று வழியைப் பார்த்தது. வழியில் கடமான் நின்றது. வேறு வழியில்லாமல் கொட்டையை வாயில் போட்டது. அது பல்லைத் தாண்டவில்லை. தலையை ஆட்டி உள்ளே தள்ளியது. தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது! மரநாயின் கண் இரண்டும் பிதுங்கின. முன்காலால் கழுத்தைப் பிறாண்டியது. 'கிர், கிர்' என்று தரையில் உருண்டது.

கரடி நிதானமாகப் போய் அதன் முதுகில் ஒரு அறை விட்டது. கொட்டை தெறித்து ஓடைப் பக்கம் போய் விழுந்தது.

"என்னப்பா," என்றது கரடி. "நாலு வருஷமா இதைத்தான் விழுங்கினியா?"

மரநாய் இருமிக்கொண்டே பின்வாங்கியது.

காட்டெருமை தலையை நிமிர்த்தியது. "தீர்ப்புச் சொல்றேன், கேட்டுக்கோங்க! பொந்து இருவாச்சிக்கே சொந்தம். சுவர்ல யாரும் கை வைக்கக் கூடாது. மரநாய் இனி இந்த மரத்து நிழல்ல கால் வைக்கக் கூடாது. பொய்ச் சாட்சி சொன்ன கரிச்சான், இந்தக் குஞ்சு பறக்கிறவரைக்கும் மரத்துமேல உட்கார்ந்து காவல் காக்கணும். பாம்பு வந்தா கத்தணும், சொந்தக் குரல்ல!"

சபை ஆர்ப்பரித்தது! மயில் அகவியது, மந்தி கிளையை உலுக்கியது, காட்டுப்பன்றி உறுமியது. இந்தத் தடவை எல்லாம் நிஜக் குரல்கள். எல்லாம் ஒரே நேரத்தில்! பொந்துக்குள் இருந்து கேட்ட பொன்மூக்கிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இறகில்லாத உடம்போடு, கண் திறக்காத பிள்ளையை அணைத்துக்கொண்டு, அந்த இருட்டுக்குள்ளேயே ஒரு ஆட்டம் போட்டது.

மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனது. போகிற வழியெல்லாம் முயல்குட்டிகள் கொட்டையை விழுங்குகிற மாதிரி நடித்துக் காட்டின.

அன்றைக்கே காட்டெருமை சபையின் விதியையும் திருத்தியது. பயந்தவர்கள் புதருக்குள் இருந்தே பேசலாம், அதில் மாற்றமில்லை. ஆனால் இனிமேல் கோடு போடுவது கிடையாது. யார் வந்து சாட்சி சொன்னாலும், "நீ பார்த்தியா, கேட்டியா?" என்ற கேள்வி முதலில் வரும். வழக்குப் போட்டவரிடம் கேட்கிற கேள்வி எதிராளியிடமும் கேட்கப்படும்.

சபை கலைந்ததும் பெருஞ்சிறகன் கீறல் அருகில் வந்து தொற்றிக்கொண்டது.

"எப்படி விழுங்கிக் காட்டினேன் பார்த்தியா, பொன்னு? நான் இல்லைன்னா இன்னிக்குத் தோத்திருப்போம்!"

"ஆமாங்க, உங்களாலதான் ஜெயிச்சோம்," என்று பொன்மூக்கி சிரித்தது. "வழக்குல ஜெயிச்சவளுக்கு ரொம்பப் பசிக்குது. போய்ப் பழம் கொண்டுவாங்க!"

பெருஞ்சிறகன் மார்பை நிமிர்த்திக்கொண்டு பறந்தது. அதன் இறக்கைச் சத்தம் காடெல்லாம் கேட்டது.

எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவது நீதி அல்ல. சொன்னது உண்மைதானா என்று இரண்டு பக்கத்தையும் ஒரே சோதனையால் சோதித்துப் பார்ப்பதே நீதி.